தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு பால்வாடி: எட்டு மாதம் பார்த்தது

பேரனைப் பால்வாடியில் சேர்த்தோம் என்றதும் சொந்தத்தில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். என் நாத்தனார் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "இன்னா அண்ணி, உங்களுக்குப் பென்ஷன் வருது, புள்ளையும் மருமவளும் வேலைக்குப் போறாங்க. ஃபீஸ் கட்டி ஒரு நல்ல ஸ்கூல்ல போடக்கூடாதா?" அன்றைக்கு அவளுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிற வடசென்னைக்காரர்கள் யாருக்காவது உதவும்.

நான் சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவள். கொருக்குப்பேட்டையில் தொடங்கி வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை என்று சுற்றி, ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும் சுவரில் என்ன படம் ஒட்டியிருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் கைகளைத்தான் பார்ப்பேன். கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா, கையில் ஏதாவது வேலை நடக்கிறதா என்பது வாசலில் நின்றாலே தெரிந்துவிடும்.

எங்கள் பால்வாடி தெருமுனையில் இருக்கும் ஒரே அறை. அரசாங்கக் கணக்கில் அதன் பெயர் அங்கன்வாடி மையம். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நீளம் இருபதடி, அகலம் பதினைந்தடி இருக்கலாம். ஒரு மூலையில் இடுப்பளவு சுவர் தடுத்து அடுப்படி. பின்பக்கம் கழிவறை. பதிவேட்டில் 24 பிள்ளைகள், தினமும் வருவது 17 அல்லது 18. ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. வடசென்னையில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம் என்பதால் என் பேரனுக்கு இப்போது இரண்டு ஆயா. ஊட்டு ஆயா நான், பால்வாடி ஆயா அவர்.

முதலில் இங்கே சேர்க்கவில்லை. மகன் கன்டெய்னர் யார்டில் இருக்கிறான், மருமகள் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். இருவருக்கும் பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்ற ஆசை. அதில் தப்பில்லை. மெயின் ரோட்டில் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். போர்டில் பள்ளியின் பெயரைவிடப் பெரிதாக 'மாண்டிசோரி' என்று இருந்தது. ஃபீஸ் 38 ஆயிரம். புத்தகமும் யூனிஃபார்மும் தனி. மூன்றே கால் வயதுப் பிள்ளைக்கு நாலுகோடு நோட்டு கொடுத்து, தினமும் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் பேரன் நோட்டைத் தள்ளிவிட்டு, "கை வலிக்குது ஆயா" என்றான். வாங்கிப் பார்த்தேன். பென்சிலை அழுத்திப் பிடித்ததில் நடுவிரலின் ஓரம் கன்றிச் சிவந்திருந்தது. அந்த வயதில் மணிக்கட்டுக்குள் இருக்கும் சின்ன எலும்புகளே இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அந்தக் கையால் நாலு கோட்டுக்குள் எழுத்தை அடக்கச் சொல்கிறோம்.

மறுநாள் போய்ப் பொறுமையாகப் பேசினேன். அங்கிருந்த மேடம் என்னை ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி அலமாரிக்குள் பெரிதிலிருந்து சின்னது வரை அடுக்குகிற இளஞ்சிவப்புக் கட்டைகள், உருளைகள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் எல்லாம் புதுக் கருக்கு கலையாமல் அடுக்கியிருந்தன. பூட்டியிருந்தது. "பசங்க கலைச்சுடுவாங்க மேடம், பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னைக்கு எடுப்போம்" என்றார். நல்ல மாதிரியான பெண்தான், கோபமாகப் பேசவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பூட்டைப் பார்த்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. காரணம் இருக்கிறது.

மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1907 ஜனவரி 6-ம் தேதி ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியாக விட்ட பிள்ளைகள் மாடிப்படியிலும் சுவரிலும் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்களே தேடி வந்து ஏற்பாடு செய்த இடம் அது. அங்கேயும் ஆரம்பத்தில் பொருள்களை அலமாரியில் வைத்துப் பூட்டுவதுதான் வழக்கம். டீச்சர்தான் எடுத்துக் கொடுப்பார், டீச்சர்தான் திரும்ப வைப்பார். ஒருநாள் டீச்சர் பூட்ட மறந்து, மறுநாள் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் பிள்ளைகள் அலமாரியைத் திறந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். டீச்சருக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கு வேறு மாதிரி தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்குத் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்று புரிந்துகொண்டு, உயரமான பூட்டு அலமாரிகளை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டும் திறந்த தட்டுகளை வைத்தார். அந்த அம்மாவின் பெயரைப் போர்டில் போட்டுவிட்டுப் பொருளைப் பூட்டி வைத்தால் நான் எப்படி ஒத்துக்கொள்வது? இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டை நம்பாதீர்கள், அலமாரியைப் பாருங்கள்.

எனக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. அந்த அம்மா நம் ஊருக்கே வந்தவர். 1939-ல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து, முதல் பயிற்சியிலேயே 300 பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக வந்தவர்தான். போர் மூண்டு இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தது. 1940 ஆகஸ்ட் 31-ல், அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு விட்டார்கள். போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் சில வருடம். அடையாறிலிருந்து தண்டையார்பேட்டை எத்தனை தூரம்? ஒரு மணி நேர பஸ். அந்த யோசனை மட்டும் எங்கள் பக்கம் வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, பால்வாடிக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் முதல் வாரம், பிள்ளை அழுவானோ என்று நான் உள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பத்தேகால் இருக்கும். ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலியில் பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீர், பக்கத்தில் சின்ன எவர்சில்வர் டம்ளர்கள். யாருக்குத் தாகமோ அவர்களே ஊற்றிக் குடிக்க வேண்டும். பேரன் போய் ஜக்கைத் தூக்கினான். பாதி டம்ளரில், பாதி தரையில். டம்ளர் நிரம்பிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் ஊற்றினான். நான் எழுந்தேவிட்டேன். ஆயாம்மாவும் கையை நீட்டினார். டீச்சர் ஆயாம்மாவின் முழங்கையை லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். என்னைப் பார்த்துக் கண்ணால் உட்காரச் சொன்னார். பேரன் தரையைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். திட்டு வரும் என்று காத்திருந்த முகம் அது. திட்டு வரவில்லை. முக்காலிக் காலில் ஆணியில் ஒரு பழைய பனியன் துணி தொங்கியது. வேறொரு பெண் குழந்தை, ஐந்து வயதுக்குள்தான் இருக்கும், "தோ, அத்த எடுத்துத் தொடச்சுடு" என்று காட்டினாள். அவன் துடைத்தான். தண்ணீர் பரவியதே தவிரக் காயவில்லை. மறுபடி துடைத்தான். பிழியத் தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டான். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் டீச்சர் வேறு இரண்டு பிள்ளைகளோடு கதை பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

31 வருடத்தில் எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது அதுதான். கையை நீட்டாமல் இருப்பது. பிள்ளை திணறும்போது நம் கை தானாகப் போகும். அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள இந்தப் பெண் எங்கே கற்றார் என்று எனக்கு ஆச்சரியம். பிறகு ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. "நான் மூணாவது படிக்கும்போது எங்க ஸ்கூலுக்கு அட்டை வந்துச்சு டீச்சரம்மா. பாயில உக்காந்து நாங்களே எடுத்துப் படிப்போம்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவர் அந்தச் செயல்வழிக் கற்றல் பிள்ளைகளில் ஒருவர்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி பள்ளிக்காரர்கள், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட முறை ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில், 2003-ல், நம் மாநகராட்சிப் பள்ளிகளில் 13-ஐத் தேர்ந்தெடுத்து அதைப் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கவும் போனது. பெஞ்சுகளை வெளியே எடுத்தோம். பாய் விரித்தோம். பிள்ளைகள் எழுத, தரையோடு ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தன் படி எதுவோ அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். காய்ச்சல் என்று பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரும். அதற்கு முன்பெல்லாம் அந்தப் பிள்ளை அந்தப் பத்து நாளைத் தொலைத்தது தொலைத்ததுதான். பாடம் அதை விட்டுவிட்டுப் போய்விடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த முறையை நான் மனசார நேசித்தேன்.

முதல் மாதம் தரையில் உட்கார்ந்து எழுந்து முட்டி வீங்கியது. சத்தம் தாங்க முடியவில்லை. 'பாடம் நடத்தாமல் சம்பளம் வாங்குகிறோமோ' என்று குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது. பெற்றோர் வந்து, "டீச்சர் சும்மா உக்காந்துனு கீறாங்க" என்று ஹெச்.எம்.மிடம் சொன்னார்கள். அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வர மாதக்கணக்கில் ஆகும். இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்காமல் அட்டையை முடித்துவிட்டுப் போன பிள்ளைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படி எங்கோ ஒரு வகுப்பில் பாயில் உட்கார்ந்திருந்த சிறுமிதான் இன்றைக்கு என் பேரன் தண்ணீர் கொட்டியபோது ஆயாம்மாவின் கையைத் தடுத்தவர்.

இனி, எழுத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இங்கே நோட்டும் பென்சிலும் கிடையாது. நாலு எவர்சில்வர் தாம்பாளங்களில் சலித்த மணல். வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, ஆயாம்மாவே சலித்தது. கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்டேன்; கிளிஞ்சல் தூள் விரலைக் கிழிக்கும் என்றார். பிள்ளை ஆள்காட்டி விரலால் எழுதும், தட்டை ஆட்டினால் அழிந்துவிடும். தப்பு என்று சிவப்பு மையால் சுழிக்க அங்கே எதுவும் மிஞ்சாது.

இந்த மணலுக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை ஆசிரமப் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பழக்கத்தையும் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அதற்கு அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. ஆனால் அங்கே போனதும் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துக் குறைந்த செலவில் ஒப்பிக்க வைக்கும் முறையாக மாறிப்போனது. பிள்ளையின் விரலை விட்டுவிட்டு வரிசையை எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். நூறு வருடம் கழித்து மாண்டிசோரி அந்த விரலைத் திரும்பப் பிடித்தார். இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் பேச்சு வராத, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளோடு செய்த வேலையைப் படித்துத்தான் அவர் உப்புத்தாள் எழுத்துக்கு வந்தார். கண் பார்க்கும் முன் விரல் தடவட்டும் என்பது அதன் அடிப்படை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அரிசியிலும் மணலிலும் பிள்ளையின் விரல் பிடித்து எழுதவைத்ததும் அதே விரல்தான். என்ன, அங்கே பிரம்பும் சேர்ந்தே இருந்தது.

எங்கள் டீச்சர் 'அ'-வில் தொடங்குவதில்லை. 'அ' எத்தனை சுழி, எத்தனை வளைவு, பாருங்கள். அவர் தொடங்குவது 'ட'. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அடுத்து 'ப'. இறங்கி, போய், ஏறினால் 'ப'. அப்புறம் 'ம'. இந்த மூன்றோடு ஒரு புள்ளியைச் சேர்த்தால் படம், பட்டம், மடம் என்று சொற்களே வந்துவிடும். அட்டைகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே வரைந்தவை.

அக்டோபரில் ஒருநாள் பட்டம் அட்டையைத் தூக்கி, "இது இன்னா?" என்று கேட்டார். "காத்தாடி!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் பட்டம் என்று யார் சொல்கிறார்கள்? மாஞ்சா நூலுக்குத் தடை போட்ட பிறகும் மொட்டை மாடிக்கு மாடி காத்தாடிதான். நான் வேலை பார்த்த முதல் பத்து வருடத்தில் இருந்த நானாக இருந்தால், "காத்தாடி இல்ல, பட்டம். எங்கே சொல்லு, பட்டம்" என்று பத்துத் தடவை சொல்ல வைத்திருப்பேன். இவர், "ஆமா, காத்தாடி" என்றார். அட்டையின் கீழே பட்டம் என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்திலேயே ஸ்கெட்ச் பேனாவால் காத்தாடி என்றும் எழுதினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினார். தாங்கள் சொன்ன சொல் அட்டையில் ஏறுவதை அவர்கள் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "இதுக்குப் பட்டம்னு இன்னொரு பேர் இருக்குது. அத்த மணல்ல எழுதலாமா?" என்றார் அப்புறம்.

பேரன் தட்டை வாங்கிக்கொண்டு ப, ட என்று அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினான். திடீரென்று நிமிர்ந்து, "டீச்சர், ரெண்டு ட கீது. ஒண்ணு பொட்டு வச்சுனுகீது" என்றான். டீச்சர் குனிந்து பார்த்து, "அட, ஆமாடா" என்றார். மெய்யெழுத்து, உயிர்மெய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில், தெருவில் இருந்த போர்டுகள், சுவர் விளம்பரங்கள், பஸ் பலகை எல்லாவற்றிலும் பொட்டு வைத்த எழுத்தைக் காட்டிக்கொண்டே வந்தான். தண்டையார்பேட்டை என்ற ஒரே பெயரில் மூன்று பொட்டு இருக்கிறது என்று அவன் எண்ணிச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

இன்னொன்று, மீன். காசிமேட்டில் ஏலம் எடுத்து விற்கும் அம்மாக்களின் பிள்ளைகள் ஆறேழு பேர் இங்கே வருகிறார்கள். அச்சிட்ட படப் புத்தகத்தில் ஆப்பிள் இருக்கிறது, திராட்சை இருக்கிறது. டீச்சர் ஒரு அம்மாவிடம் சொல்லி ஒருநாள் காலையில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொண்டுவரச் செய்தார். பெரிதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்க வேண்டும். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், அப்பா விசைப்படகில் போகிறவர், அன்றைக்கு எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிட்டான். செவுளைத் தூக்கி, சிவப்பாக இருந்தால் புது மீன் என்று காட்டினான். இளஞ்சிவப்புக் கட்டைகளை அடுக்கும் வேலையும் இதுவும் ஒன்றுதான், இங்கே கொஞ்சம் நாற்றம் கூடுதல்.

பிள்ளை இருக்கும் இடத்தில் கிடைப்பதை வைத்தே சொல்லித்தருவது அங்கன்வாடி என்ற சொல்லிலேயே இருக்கிறது. அங்கன் என்றால் முற்றம். குஜராத்தில் வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேக்கா தொழிலை விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளோடு அத்தனை ஒட்டுதலாக இருந்ததால் மீசை வைத்த அம்மா என்றே அவரை அழைத்தார்கள். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், பிறகு அனுதாய் வாக் என்ற தோழியோடு 1945-ல் மகாராஷ்டிரக் கரையோரம் போர்டியிலும், அப்புறம் கோஸ்பாட் மலையில் வார்லி பழங்குடிகளிடத்திலும் வேலை செய்தார். வெளிநாட்டுச் சாமான் வாங்கக் காசில்லை. விதை, கூழாங்கல், இலை, சிப்பி என்று கிடைத்ததை வைத்தே மாண்டிசோரி முறையை நடத்தினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று போனார்கள். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது மையங்களுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். நாம் எல்.கே.ஜி. என்கிறோமே, அதில் இருக்கும் கே.ஜி.யும் 1840-ல் ஃபிரோபெல் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர்தான். 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள். அவர் முதலில் பிள்ளை கையில் கொடுத்தது கம்பளி நூல் பந்துகள். இங்கே ஆயாம்மா பழைய புடவைத் துணியில் சுற்றிக் கட்டிய பந்துகள் ஆறு இருக்கின்றன.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். மதியம் சூடாகக் கலவைச் சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. ருசி வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்காது, உப்பு சில நாள் குறையும். ஆனால் பேரன் வீட்டில் தொடாத கீரையை அங்கே பதினேழு பேரோடு உட்கார்ந்து தானே பிசைந்து தின்கிறான். முட்டையை உரித்துக் கொடுப்பதில்லை, தட்டி உரிக்க வேண்டும். ஓடு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைப்பதில் எங்கள் வண்ணாரப்பேட்டைக்கு ஒரு பெருமையும் உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்குத் தீர்மானம் போட்டவர். மாதம் ஒருமுறை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறிக்கிறார்கள். தடுப்பூசி நாளையும் அவர்களே ஞாபகப்படுத்துகிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. கழிவறைக் கதவின் கீழ்த்தாழ்ப்பாள் எட்டு மாதமாக உடைந்துதான் கிடக்கிறது, பக்கெட் வைத்து அடைக்கிறார்கள். ஏப்ரல், மே வெயிலில் இந்தக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு ஃபேன் எப்படிப் போதும் என்று இப்போதே கவலையாக இருக்கிறது. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து ஒன்பது நாள் மூடினார்கள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் தவித்துப் போனார்கள். அடுப்பும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அந்த இடுப்புச் சுவர் போதாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை டீச்சரின் நேரம். பதிவேடுகளும் போனில் ஏற்ற வேண்டிய கணக்குகளும் ஏகப்பட்டது. மீட்டிங் என்று அவர் போகும் நாளில் ஆயாம்மா ஒருவரே சமைத்துக்கொண்டு பதினெட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறார். அன்றைக்கு மணல் தட்டு இறங்காது, ஜக்கும் மேலே போய்விடும். பிள்ளைகள் வரிசையாகக் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். ஆயாம்மாவைக் குறை சொல்லமாட்டேன். ஒரு ஆள் இன்னும் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலீஷ்? பாட்டு சொல்லித்தருகிறார்கள், நிறம், எண் தெரியும். அதற்கு மேல் இல்லை. மருமகளுக்கு அது இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. நான் அவளிடம் வாதம் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் தானே சட்டைப் பட்டனைப் போட்டான். மேலே தொடங்கி ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒன்று மிஞ்சியதும் நின்று யோசித்து, எல்லாவற்றையும் கழற்றி, கீழேயிருந்து திரும்பப் போட்டான். மருமகள் தோசைக் கரண்டியோடு வாசற்படியிலேயே நின்று கடைசிப் பட்டன்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தோசை கருகிவிட்டது.

சேர்க்க நினைப்பவர்களுக்கு: பணம் எதுவும் கிடையாது. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் தடுப்பூசி அட்டையும் எடுத்துக்கொண்டு நேரே போங்கள். எல்லா பால்வாடியும் இதே மாதிரி இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, டீச்சரைப் பொறுத்தது. உங்கள் தெருவில் இருப்பதற்குப் பத்து மணிக்கு மேல் சொல்லாமல் போய், அரை மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். ஏதாவது ஒரு பிள்ளை எதையாவது கொட்டும். அப்போது பெரியவர்களின் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

எங்கள் பால்வாடியில் தாம்பாளத்து மணல் எட்டு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது, பிள்ளைகளின் பாக்கெட்டில் போய்விடுகிறது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் இரண்டு சட்டி கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மதியம் ஆயாம்மாவும் நானும் அலசிக் காயவைக்கப் போகிறோம்.